ஒன்கொ என்று எழுதியிருந்தது

மம்பொங்
3 மே 1982

தம்பி அம்போஃபோவுக்கு,

அக்கா டுஃபியே எழுதறது. உன் முதுகுவலி எப்படி இருக்கு? அக்ராவுல சோப்பு கெடைக்குதான்னு கேக்க மாட்டேன். கெடைச்சிருந்தா நீயே அனுப்பியிருப்பே.

விஷயத்துக்கு வர்றேன். உன் மருமக அஃப்ராகோமா லாகோஸ் போகணுங்கறா. அவகூட பயிற்சிக் கல்லூரியில படிச்ச ஒருத்தி அங்க டீச்சரா இருக்கா. நம்ம நாட்டு டீச்சருங்கன்னா அங்க வா வான்னு கூப்பிடறாங்களாம். இங்க இவ பள்ளிக்கூடத்துல சாக்பீஸ் கூட இல்ல. காய்ஞ்ச மரவள்ளிக் கெழங்கை வச்சு போர்டுல எழுதறா. சாயந்திரம் அந்தத் துண்டை எந்தப் பிள்ளையோ எடுத்துத் தின்னுடுதாம்.

தனியா அனுப்ப மாட்டேன்னேன். உடனே ஒபிரி, நானும் அக்காகூடப் போறேன்னு குதிக்கறான். மெக்கானிக்கு ஷெட்டுல என்ன வேலைடான்னா, "டயரே இல்லாத ஊர்ல எந்த வண்டியை ரிப்பேர் பண்றது?"ன்னு என்னையே கேக்கறான்.

செஃப்வியில கோகோத் தோட்டத்துல இருக்கற இவங்க அப்பாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். "ரத்தம் உங்க வீட்டு ரத்தம், அவங்க மாமனைக் கேளு"ன்னு பதில் வந்துச்சு. அந்த மனுஷன் கோகோ காயைப் பறிக்கக்கூட மாமனைக் கேட்டுட்டுத்தான் பறிப்பான் போல.

அதனால உன்னைக் கேக்கறேன். அவளைப் படிக்க வச்சவன் நீ. லாரிக்காரர் மாசக் கடைசியில கெளம்பறார். எனக்குத் தலை சுத்துது. ஒரு நேரம் போய்த்தான் பாக்கட்டுமேன்னு தோணுது, இன்னொரு நேரம் கையைப் புடிச்சு உக்கார வைக்கணும்னு தோணுது. நீ என்ன சொல்றியோ அதுதான்.

உன் அக்கா
டுஃபியே


அக்ரா
12 மே 1982

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு அப்படியே இருக்கிறது. நாற்காலியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நாற்காலி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பள்ளிகளுக்கான நம் மொழி இலக்கணப் புத்தகம் ஒருவழியாகச் சொல் சேர்க்கை வரை வந்துவிட்டது. கண்ணையும் சாவையும் சேர்த்தால் வெட்கம். காதின் உள்ளையும் குளிர்ச்சியையும் சேர்த்தால் அமைதி. தினமும் பேசுகிறோம், ஒட்டுப் போட்ட இடம் எங்கே என்று பார்த்ததே இல்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

புத்தகக் குழுவில் பெரிய சண்டை. குரல் ஏறும் இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் எழுத்தின் மேல் குறி போட வேண்டும் என்று ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. "தாய்ப்பாலோடு கேட்டு வளர்ந்த குரலுக்கு மேலே புள்ளி வைத்துக் காட்ட வேண்டுமா?" என்று எழுந்து கேட்டேன். கைதட்டினார்கள். தலைவர் அசியாமா கூடத் தலையாட்டினார்.

அஃப்ராகோமா விஷயத்தில் நான் சொல்வது ஒரே வார்த்தை: ஒன்கொ. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

அன்புடன்
அம்போஃபோ


மம்பொங்
31 மே 1982

தம்பி,

போயிட்டாங்க. நேத்துக் காலையில லாரி ஏறினாங்க.

நீ "போகட்டும்"னு ஒரே வார்த்தையில எழுதினது எனக்கு எவ்வளவு தெம்பா இருந்துச்சு தெரியுமா? பக்கம் பக்கமா எழுதுவே, புத்தி சொல்லுவே, கடைசியில என்ன சொன்னேன்னே புரியாதுன்னு பயந்துட்டு இருந்தேன். இப்படிப் பட்டுனு சொல்லிட்டே. அஃப்ராகோமா என் கழுத்தைக் கட்டிக்கிட்டு ஆடினா. "மாமான்னா மாமாதான்"னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தா.

சோள மாவுல டொக்கொனோ அவிச்சு இலையில சுத்திக் குடுத்தேன், ரெண்டு நாளுக்குக் கெடாது. மிளகாயும் வறுத்த மீனும் தனியாக் கட்டினேன். ஒபிரி மூட்டைக்கு மேல ஏறி உக்காந்துக்கிட்டு மந்திரி மாதிரி கையாட்டினான். இவ முன்னாடி டிரைவர் பக்கத்துல. அழமாட்டேன்னுதான் இருந்தா. லாரி திரும்பற எடத்துல தலையை வெளிய நீட்டிப் பாத்தா பாரு, அப்பத்தான் நான் உள்ள ஓடிட்டேன்.

வீடு என்னமோ மாதிரி இருக்கு. போனதும் கடிதம் போடுவாங்க. உனக்கும் போடச் சொல்லியிருக்கேன்.

டுஃபியே


அக்ரா
9 ஜூன் 1982

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. யார் போகட்டும் என்று சொன்னது?

நான் எழுதியது போகக் கூடாது என்று. அவள் போகவில்லை, அவ்வளவுதான், பேச்சு முடிந்தது என்று. ஒன்கொ. மூன்றே துண்டு. முன்னால் வரும் ஒ, அந்த ஆள். கடைசியில் வரும் கொ, போவது. நடுவில் ஒரு ன். அதைத் தாழ்ந்த குரலில் சொன்னால் "போவதில்லை". உயர்ந்த குரலில் சொன்னால் "போகட்டும்". எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ன். நான் எழுதும்போது என் காதில் தாழ்ந்த குரல்தான் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வேறு மாதிரியும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் நெஞ்சில் களை மண்டிக் கிடக்கிறது. கோபத்துக்கு நம் மொழியில் இப்படி ஒரு சொல் ஏன் வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. உன்மேலா, என்மேலா, யார்மேல் என்று தெரியாத கோபம்.

இங்கே என் அலுவலகத்தில் அவளுக்கு உதவியாளர் இடம் கேட்டிருந்தேன். அனேகமாகக் கிடைத்துவிடும் என்றார்கள். கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தேன்.

நீ எப்படிப் படித்தாய்? எந்தக் குரலில் படித்தாய்? அதை மட்டும் எழுது.

அம்போஃபோ


மம்பொங்
21 ஜூன் 1982

அடேய்,

நான் எங்கடா படிச்சேன்? உன் கடிதம் வந்தப்போ என் ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் சோள மாவுல இருந்துச்சு. "அம்மா, மாமா எழுதியிருக்கார்"னு அவதான் உறையைக் கிழிச்சா. அவதான் சத்தமாப் படிச்சா. உன் நாற்காலிக் கதையெல்லாம் படிச்சு நாங்க சிரிச்சோம். அப்புறம் அந்த வார்த்தையைப் படிச்சா. எனக்குப் போகட்டும்னுதான் கேட்டுச்சு. இப்ப நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், அவ குரல் ஏறிச்சா எறங்கிச்சா? சத்தியமாத் தெரியல. நான் கேட்டேனா, இல்ல கேக்கணும்னு இருந்ததைக் கேட்டேனா?

உன் கடிதம் வந்ததும் பழைய கடிதத்தைத் தேடி எடுத்து நானே படிச்சேன். உசத்திப் படிச்சா போகட்டுங்குது. தாழ்த்திப் படிச்சா போகலைங்குது. ரெண்டுமே நீ பேசற மாதிரியே இருக்குடா! உபதேசியார்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். "போகட்டும்னு எழுதியிருக்கு, சந்தேகமே இல்ல"ன்னார். தபால் ஆபீஸ் கொஃபுவோர்கிட்ட காட்டினேன். "இதுல என்னம்மா சந்தேகம், போகக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு"ன்னான். ரெண்டு பேரும் அங்கேயே சண்டை போட்டுக்கிட்டாங்க. நான் கடிதத்தைப் புடுங்கிட்டு வந்துட்டேன்.

அதுவும் யாரு அந்த ஒ? நம்ம பாஷையில ஆணும் ஒ, பொண்ணும் ஒ. அவளைச் சொன்னியா, ஒபிரியைச் சொன்னியான்னு உபதேசியார் கேக்கறார். எனக்கு இருக்கற குழப்பம் போதாதா?

வேலை கேட்டு வச்சிருக்கேன், பொறுங்கன்னு ஒரு வரி எழுத உன் கைக்கு என்ன வந்துச்சு? நாற்காலிக்கு நாலு வரி, நீயே படிக்க வச்ச பொண்ணுக்கு ஒரு வார்த்தை. அதுக்கும் ரெண்டு அர்த்தம்.

அவ தெரிஞ்சே மாத்திப் படிச்சாளோன்னு நீ நெனக்கறே. அதை எழுதாம விட்டிருக்கே, ஆனா எனக்குத் தெரியும். அப்படி நெனக்காதே. நானும் நெனக்காம இருக்கப் பாக்கறேன்.

டுஃபியே


அக்ரா
14 அக்டோபர் 1982

அக்கா,

இத்தனை நாள் எழுதாததுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எழுத உட்கார்ந்தா ஒவ்வொரு வார்த்தையையும் ரெண்டு விதமாப் படிச்சுப் பார்க்கறேன். கிழிச்சுப் போடறேன்.

ஜூலையில அஃப்ராகோமாகிட்டேருந்து எனக்கு ஒரு கடிதம் வந்துச்சு. உனக்கும் வந்திருக்கும். பள்ளிக்கூடம் பெருசா இருக்காம். ஒபிரி ஒரு பஸ் கம்பெனியில சேர்ந்துட்டானாம். "மாமா, உங்க அனுமதிக்கு நன்றி"ன்னு எழுதியிருக்கா. அனுமதி! அந்த வரியை நான் எந்தக் குரல்ல படிக்கணும்? அப்பாவியாவா, கேலியாவா? பதில் போட்டேன். நம்ம நாட்டு எல்லையை மூடினப்புறம் அது போச்சா, வழியில கெடக்குதான்னு தெரியல.

போன வாரம் குழுவுல எழுந்து, குறி போடணும்னு சொன்னேன். அசியாமா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். "அம்போஃபோ, மே மாசம் இதே மேசையில நீதானே வேண்டாம்னே?"ன்னார். ஆமாம்னேன். "என்ன ஆச்சு?" சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. கெட்ட மனசோட இல்ல, சிரிப்பு வர்ற கதைதானே. "உன் அக்கா மகளுக்காக அச்சகத்துல புது எழுத்து வார்க்கணுமா? பேப்பருக்கே வழியில்ல"ன்னு முடிச்சுட்டாங்க.

மே மாசம் நான் பேசினதும் எனக்குச் சரியாத்தான் படுது. இப்பப் பேசினதும் சரியாப் படுது. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல.

அம்போஃபோ


மம்பொங்
6 பிப்ரவரி 1983

தம்பி, இதை அக்ரா போற யாக்குபு லாரியில குடுத்து அனுப்பறேன். உடனே பதில் சொல்லு. உடனே.

லாகோஸ்லேருந்து நம்ம ஆளுங்களையெல்லாம் வெளிய போகச் சொல்லிட்டாங்கன்னு ரேடியோவுல கேட்டதுலேருந்து நான் மனுஷியா இல்ல. இங்க ஒரே புழுதி. காட்டுத் தீயில குன்றுப் பக்கம் எல்லாம் கரி. தோட்டத்துல ஒண்ணும் மிச்சமில்ல. அது கெடக்கட்டும்.

நேத்து ஒரு டிரைவர் சந்தையில வண்டியை நிறுத்தாமலே என்னைப் பாத்துக் கத்தினான். "டுஃபியே அம்மா! அக்ராவுலேருந்து உன் தம்பி சொல்லச் சொன்னார், வபா!" அவ்வளவுதான். வண்டி போயிடுச்சு. நான் பின்னாடியே ஓடினேன். செருப்பு போச்சு.

வபா. வந்தாச்சு. யாருடா வந்தாச்சு?

ரெண்டு பேர்னா வொஅபான்னு இருக்கணும். அவன் வபான்னுதான் சொன்னானா, இல்ல இன்ஜின் சத்தத்துல பாதி போயிடுச்சா? சந்தையில பக்கத்துல இருந்தவங்களைக் கேட்டேன். தக்காளிக்காரி ஒருத்தர்னுதான் கேட்டேங்கறா. அவ மக ரெண்டு பேர்ங்கறா. அப்புறம் என்னைப் பாத்து, "எனக்கென்ன தெரியும் அத்தை"ன்னு அழ ஆரம்பிச்சுட்டா.

ஒருத்தர்தான்னா அது அவளா, அவனா? அந்த வார்த்தைக்கு மூஞ்சியே இல்லையே. அவளா இருக்கட்டும்னு ஒரு நிமிஷம் வேண்டிக்கறேன். அப்ப ஒபிரி வேண்டாமா? அவனா இருக்கட்டும்னா இவளைத் தள்ளிவிடற மாதிரி இருக்கு. எந்தப் பக்கமும் வேண்டிக்க முடியாம உக்காந்திருக்கேன். சந்தோஷப்படறதா ஒப்பாரி வைக்கறதான்னு அக்கம்பக்கத்துல வந்து கேக்கறாங்க. வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்து அனுப்பறேன்.

பேரைச் சொல்லு. பேரை மட்டும் எழுது.


அக்ரா
9 பிப்ரவரி 1983

அக்கா, ஒபிரி. வந்தது ஒபிரி.

நான் பேரைச் சொல்லித்தான் கத்தினேன். லாரி நகர ஆரம்பிச்சுடுச்சு, டிரைவர் காதுல கடைசி வார்த்தை மட்டும் விழுந்திருக்கு. மன்னிச்சுக்கோ.

கடலோர மைதானத்துலதான் எல்லாரையும் கொண்டுவந்து இறக்கறாங்க. அவ்வளவு ஜனத்தை ஒரே இடத்துல நான் பார்த்ததில்லை. கட்டம்போட்ட பையைத் தலையணையா வச்சு வெயில்ல படுத்திருக்காங்க. ஒருத்தர் தைக்கற மெஷினை முதுகுல கட்டிக்கிட்டே தூங்கறார். ஒபிரி என்னைத் தாண்டிப் போயிட்டான், எனக்கு அடையாளம் தெரியல. "மாமா"ன்னு அவனே கூப்பிட்டான். கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. காய்ச்சல். என் அறையில படுக்க வச்சிருக்கேன். கஞ்சி குடிக்கறான். உயிருக்குப் பயமில்லைன்னு நர்ஸ் சொன்னாங்க.

அஃப்ராகோமாவைப் பத்திக் கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்றான். எல்லை திறக்கற வரைக்கும் ரெண்டு பேரும் ரோட்டோரமாவே இருந்தாங்களாம். ஒரு லாரியில ஒரே ஆளுக்கு இடம் இருந்துச்சாம். காய்ச்சல்காரன்னு இவனைத் தூக்கி ஏத்திவிட்டுட்டு, பின்னாடி வண்டியில வர்றேன்னாளாம். "ஏறினாளாடா?" "ஏறினா." கொஞ்சம் கழிச்சு, "ஏறினதை நான் பாக்கல மாமா." அப்புறம், "பின்னாடி வண்டின்னு எதுவும் இருந்த மாதிரியே ஞாபகம் இல்ல"ங்கறான். அழறான். நான் கேக்கறதை நிறுத்திட்டேன்.

தினமும் மைதானத்துக்குப் போறேன். ஒலிபெருக்கியில ஊர் பேர், ஆள் பேர் வாசிக்கறாங்க. கடல் காத்துல பாதி பேர் பறந்துபோயிடுது. எங்க அஃப்ரான்னு ஆரம்பிச்சாலும் ஓடறேன்.

அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? வெட்கமா இருக்கு. இந்த நேரத்துலயும் அந்த மே மாசக் கேள்வி என்னை விடல. அவ வந்ததும், ஒருவேளை நேரா அங்கேயே வந்துட்டா, நீ கேளு. அந்த வார்த்தையை அவ எப்படிப் படிச்சா? தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும்னு நெனக்கறேன். வராமலும் போகலாம்.

அம்போஃபோ


மம்பொங்
2 மார்ச் 1983

அம்போஃபோ,

அஃப்ராகோமா வந்துட்டா. பேரை முதல்லயே எழுதிட்டேன் பாரு. அஃப்ராகோமா. என் மக. இனிமே அந்த மைதானத்துக்குப் போகாதே.

அவ அக்ரா பக்கமே வரல. டோகோவுல ஒரு குடும்பத்தோட சேர்ந்து வடக்க ஹோ ஊர்ப் பக்கமா நடந்திருக்கா. அந்தப் பொம்பளைக்கு நெறமாசம். வழியில ஒரு பள்ளிக்கூடத்துலயே பிள்ளை பொறந்துச்சாம், இவதான் கூட இருந்திருக்கா. அவங்களை விட்டுட்டு வர மனசு இல்லாம அங்கேயே தங்கிட்டா. அப்புறம் வோல்ட்டா ஆத்தைப் படகுல தாண்டி, கெடைச்ச லாரி எல்லாம் ஏறி வந்திருக்கா. சந்தை நாள் அன்னைக்கு என் கடைக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு. "என்னம்மா வேணும்?"னு கேட்டேன். என் பொண்ணைப் பாத்து நான் அப்படிக் கேட்டேன் தம்பி. கழுத்தெலும்பு ரெண்டும் கொக்கி மாதிரி நிக்குது. "டொக்கொனோ இருக்கா அம்மா?"ன்னா. அந்தக் குரலைக் கேட்டுத்தான் தெரிஞ்சுது.

ஒபிரி வந்து சேந்துட்டான்னு சொன்னதும் தரையிலேயே உக்காந்துட்டா. இவ்வளவு நாள் அவன் செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டே நடந்திருக்கா.

நீ கேட்டதை நான் கேக்க வேண்டாம்னுதான் இருந்தேன். முந்தாநாள் மாவு பெசைஞ்சிட்டு இருந்தோம். அவளே ஆரம்பிச்சா. "மாமாவுக்கு என்மேல கோபமா?"ன்னா. ஏன்டி கேக்கறேன்னேன்.

"அவர் போகட்டும்னு எழுதலியோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

என் கை நின்னுபோச்சு. "நீதானே படிச்சே?"

"போகட்டும்னுதான் படிச்சேன். பொய் இல்லம்மா, வாயில அப்படித்தான் வந்துச்சு. லாரியில எல்லாரும் தூங்கினப்புறம் கடிதத்தைத் திருப்பித் திருப்பி மனசுல ஓட்டிப் பாத்தேன். எல்லையில அஃப்லாவோ கிட்ட வரும்போதுதான் இன்னொரு மாதிரியும் இருக்கலாமேன்னு தோணுச்சு. எறங்கிடலாமான்னு பாத்தேன்."

"ஏன்டி எறங்கல?"

ஒரு பிடி மாவை எடுத்து உருட்டினா. அப்புறம் சொன்னா: "மாமாவுக்கு நான் போக வேண்டாம்னு இருந்திருந்தா, எழுதியா அனுப்புவார்? அவரே வந்து முன்னாடி நின்னிருப்பார்னு நெனச்சேன்."

உனக்குச் சாதகமாவும் ஒண்ணு சொல்லணும்னு பாத்தேன். முதுகுவலி, குழு, பஸ் இல்ல. மாவைப் பெசைஞ்சேன்.

அவ தப்பு பண்ணினாளா, நீயா, கேட்டுக்கிட்டே மாவு பெசைஞ்ச நானா? எனக்குத் தெரியல. முன்னாடியாவது தெரிஞ்சா நல்லாயிருக்கும்னு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. நாள் முழுக்கத் தூங்கறா. எழுந்தா ஒபிரி எப்ப வருவான்னு கேக்கறா. உன்னையும் கேக்கறா, ஆனா எப்ப வருவேன்னு கேக்கறதில்ல.

டுஃபியே


அக்ரா
8 மார்ச் 1983

அக்கா,

சனிக்கிழமை ஒபிரியைக் கூட்டிக்கிட்டு நானே வர்றேன். பஸ் கெடைக்கலைன்னா லாரி, லாரி இல்லைன்னா கெடைக்கற வரைக்கும் ரோட்டுல நிப்போம்.

அவகிட்ட என்ன பேசணும்னு ரெண்டு நாளா எழுதி எழுதிப் பார்த்தேன். எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டேன். வந்து முன்னாடி நிக்கறேன். அதுக்கப்புறம் வாயில என்ன வருதோ.

அம்போஃபோ